ரோசாவுக்குப் போட்ட இலை

அடி அண்ணாமலையில் சக்கரவர்த்தியின் பந்தலில் மனிதர் வாய் வைக்கும் முன் மாடு வாய் வைக்க வேண்டும். பௌர்ணமி தவறாமல் கிரிவலப் பாதையோரம் அவர் போடும் அன்னதானத்தின் சட்டம் அது. எழுதி வைத்த சட்டமாக இருந்தால் யாராவது மீறியிருப்பார்கள். இது எழுதாத சட்டம், அதனால் மீற ஆளில்லை. முதலில் தலைவாழை இலை ஒன்றை விரிப்பார்கள். அதில் சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், பழம், வெல்லக்கட்டி எல்லாம் மலைபோலக் குவியும். மாடு வந்து நக்கித் தின்னும். சுற்றி நிற்கும் பக்தர்கள் ஆளாளுக்குப் பழம் நீட்டுவார்கள், தங்கள் பங்குக்கு இன்னும் அள்ளி ஊட்டுவார்கள், வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புண்ணியத்துக்கு அவ்வளவு தள்ளுமுள்ளு. அதற்குப் பிறகுதான் பந்தி.

அந்த மாடு எப்போதும் சக்கரவர்த்தியின் தம்பி மகன் அன்பரசன் வீட்டு மாடாகத்தான் இருக்கும். அன்பரசன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். மாடுகளைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி வேதா. சாணி அள்ளுவதிலிருந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது வரை அவள் பாடு. ஆனால் பௌர்ணமியன்று மாட்டின் கயிறு யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது பெரியவர் சக்கரவர்த்தியின் பாடு. குடும்பத்தில் அப்படித்தான் பங்கு பிரித்திருந்தார்கள்.

வழக்கத்தைவிடப் பெருங்கூட்டம் கூடிய சித்திரைப் பௌர்ணமிக்குப் பந்தலுக்குப் போன பசு பவுனு திரும்பி வந்து தொழுவத்தில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. வேதா அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தாள். மறுநாள் வந்து பார்த்தபோது பவுனு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. வயிற்றைத் தொட்டு அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பியது. தொழுவம் முழுக்கப் புளித்த மாவின் வாடை. டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டர் முதலில் கேட்டதே, "சோறு எவ்ளோ தின்னுச்சு?" என்பதுதான். அன்பரசன் தலையைச் சொறிந்தான். அளவு யாருக்குத் தெரியும்? ஊரே ஊட்டியிருக்கிறது. டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார், சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், நேரம் கடந்துவிட்டது என்றார். விடியும்போது பவுனு இல்லை.

ஊர் திரண்டு வந்து துக்கம் கேட்டது. துக்கமா அது? பொறாமை. "பிரசாதம் துன்னுட்டுச் செத்த மாடு. நேரா அண்ணாமலையார் காலடிக்கே பூட்டுது. இந்தக் கொடுப்பினை யாருக்கு வரும்?" என்றார் சக்கரவர்த்தி. அன்று வேதா வாயைத் திறந்திருந்தால் அந்தக் கொடுப்பினை உங்களுக்கும் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று சொல்லியிருப்பாள். பெரியவரைச் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனால் அவளுக்கு அப்படி இருந்தது.

வேதா அரசு கலைக் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள். படித்தாள் என்றால், பரீட்சைக்குப் படித்தாள். பலகையில் வரிசையாக அறுகோணம் போட்டு, கார்போஹைட்ரேட் என்று தலைப்பெழுதி, மூலைக்கு மூலை எண் கொடுத்து, மதிப்பெண் வாங்கி, கல்யாணத்தோடு மறந்துவிட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளைப் பார்த்துச் சொல்லாத மாமியார் வீட்டு உறவு கிடையாது. பவுனைப் புதைத்துவிட்டு வந்து வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அறுகோணங்கள் அவளுக்குத் திரும்ப நினைவுக்கு வந்தன. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே கோபமும் வந்தது.

ஒரு நெற்பயிரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மணி, கீழே தாள். அரிசிக்குள் இருப்பது மாவுச்சத்து, வைக்கோலில் இருப்பது செல்லுலோஸ். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே சர்க்கரை. குளுக்கோஸ் என்கிற அதே மணியை ஆயிரக்கணக்கில் கோத்தவைதான் இரண்டும். கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சங்கிலி தானாகச் சுருண்டுகொள்ளும். நம் எச்சிலே அதை வெட்டத் தொடங்கிவிடும், அதனால்தான் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறது. செல்லுலோஸில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கும். சங்கிலி நேராக நீளும், பக்கத்துச் சங்கிலியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடிப்பில்தான் பயிர் காற்றுக்கு எதிராக நிமிர்ந்து நிற்கிறது. அதை வெட்டுகிற கத்தி நம் வயிற்றில் கிடையாது.

மாட்டின் உடம்பிலும் கிடையாது. மாடு என்ன செய்கிறது என்றால், வயிற்றுக்குள் ஒரு பெரிய தொட்டி கட்டி, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களைக் குடிவைத்திருக்கிறது. வைக்கோலை உடைப்பது அந்தக் குடித்தனக்காரர்கள். அவர்கள் நிதானமாக உடைத்துத் தள்ளுவதில்தான் மாடு பிழைக்கிறது, பால் கொடுக்கிறது. அந்தத் தொட்டிக்குள் வெந்த சோறும் வெல்லமும் குடம் குடமாக இறங்கினால் வேறொரு கூட்டம் தலையெடுக்கும். சுலபமாகக் கிடைத்ததைத் தின்று வெறிகொண்டு பெருகும், புளித்த அமிலத்தைக் கக்கும். வைக்கோல் உடைக்கிறவர்கள் அந்தப் புளிப்பில் செத்து ஒழிவார்கள். உடம்பின் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபட்டு மாடு சாய்ந்துவிடும். பவுனு அப்படித்தான் சாய்ந்தது. அண்ணாமலையார் ஒன்றும் அதைக் கூப்பிடவில்லை. ஊர் கூடி ஊட்டிக் கொன்றது, பாசமாக.

இதை வேதா முதலில் சொன்னது பக்கத்து வீட்டு தனத்திடம். தனம் பூ கட்டி விற்கிறவள், அவளிடமும் ஒரு கறவை இருந்தது. வேலியோரம் உட்கார்ந்து தனம் மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். "ஒரே பொருள்தான்னு சொல்றே. அப்புறம் ஒண்ணு சோறாவும் ஒண்ணு வைக்கோலாவும் எப்படி ஆவும்?" என்று கேட்டாள்.

வேதா அவள் கையைக் காட்டினாள். "நீ இன்னா பண்றே இப்போ? காம்ப உள்ள வெச்சு, ரெண்டு பூ இந்தப் பக்கம் பாக்க, ரெண்டு பூ அந்தப் பக்கம் பாக்க, மாத்தி மாத்தித்தான வெக்கிறே? அதனால சரம் நேரா நிக்குது. எல்லாப் பூவையும் ஒரே பக்கமா வெச்சுக் கட்டிப் பாரு."

"வளைஞ்சிக்கும். சுருண்டுக்கும்."

"பூ மாறிச்சா?"

"பூ அதேதான்." தனம் சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள், யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்பரசனிடமும் சொன்னாள். அவன் ஆமாம் ஆமாம் என்றான். அன்பரசன் நல்லவன். யார் சொன்னாலும் ஆமாம் என்கிற அளவுக்கு நல்லவன், அதில்தான் சிக்கல். தகப்பன் இல்லாத பிள்ளையாக இருந்தபோது சோறு போட்டவர் பெரியப்பா, கல்யாணம் பண்ணி வைத்தவர் பெரியப்பா. அவர் எதிரில் அன்பரசனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பவுனுக்குப் பிறகு வந்த பௌர்ணமிகளில் எப்படியோ தப்பித்தார்கள். தீட்டு என்றார்கள், காய்ச்சல் என்றார்கள். சக்கரவர்த்தி யார் யார் வீட்டு மாட்டையோ பிடித்து ஒப்பேற்றினார். ஏற்கெனவே கிடேரியாக வளர்ந்திருந்த பவுனின் மகள் ரோசா, இதற்குள் முதல் முறையாகச் சினை பிடித்தது.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அன்னாபிஷேகம். சாமியே சோற்றில் மூழ்கி நிற்கிற நாள். சக்கரவர்த்தி காலையிலேயே வெள்ளை வேட்டியும் பட்டை விபூதியுமாக வாசலில் வந்து நின்றார்.

"சாயங்காலம் ரோசாவக் குளிப்பாட்டி வெச்சிரும்மா. மஞ்சள் வெச்சு, மாலை போட்டு நானே ஓட்டிக்கினு போறேன்."

"ரோசா வராதுங்க மாமா."

பெரியவர் சிரித்தார். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்திருப்பார். "ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்குது. நல்லா இருக்கணும்னுதான் வராதுன்றேன். அவங்கம்மாவ சோறு போட்டே சாவடிச்சீங்க. இது வயித்துல கன்னு வேற இருக்குது."

அன்பரசன் பல்பொடியைத் துப்பப் போவதுபோல் நழுவிக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். சக்கரவர்த்தியின் சிரிப்பு நின்றது. "கோழி மிதிச்சு குஞ்சு சாவுமா? சாமி சோறு மாட்டக் கொல்லுமா? அது பாவம், வருஷம் முழுக்க வெறும் வைக்கோலத்தான துன்னுது? ஒரு நாளு நல்ல சோறு துன்னட்டுமே. வாயில்லா ஜீவன்."

"வைக்கோலுதாங்க அதுக்கு நல்ல சோறு. நமக்குத்தான் அது வெறும் வைக்கோலு."

"படிச்சவன்னு இவளக் கட்டி வெச்சேன் பாரு," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் போனார். வேதா அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். அவள் படித்த பாடத்தில் மாட்டின் வயிறு இருந்தது, கணவனின் மனசு இல்லை.

மாலை சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தபோது தொழுவத்தில் ரோசா நின்ற இடம் காலி. முளைக்குச்சியில் கயிறும் இல்லை. அவள் கேனைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினாள். பௌர்ணமியென்றால் பாதையில் நடக்கவே இடம் இருக்காது, ஓடுவதெங்கே. வெறுங்காலில் மலையைச் சுற்றும் ஜனம் அலையலையாக வந்துகொண்டிருந்தது. இடித்துக்கொண்டும் திட்டு வாங்கிக்கொண்டும் எதிர்த்திசையில் போனாள். கிரிவலத்தை எதிர்த்து நடக்கக் கூடாது என்று ஒரு சாமியார் கத்தினார். "நடக்கலீங்க, ஓடறேன்!" என்று இவளும் கத்தினாள்.

பந்தலில் இலை விரித்தாகிவிட்டது. ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாத அளவுக்குப் பொங்கல், நெய் மினுங்கக் குவிந்திருந்தது. சக்கரவர்த்தி கையில் கரண்டியோடு நின்றார். பக்தர்கள் கையில் பழச்சீப்போடு நின்றார்கள். நெற்றியில் மஞ்சளும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக ரோசா, கயிற்றைப் பிடித்திருந்த அன்பரசனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மாடென்றால் மாடுதான். தனக்கு எது ஆகும், எது ஆகாது என்று அதற்கு யார் பாடம் எடுத்தார்கள்? வெல்ல வாசனைக்கு மயங்காத ஜீவன் உண்டா? அன்றைக்கு ரோசாவும் பெரியவர் கட்சிதான்.

வேதா குறுக்கே பாய்ந்தாள். ரோசாவின் நாக்கு இலையைத் தொடும் முன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் திருப்பினாள். மாடு முட்டித் தள்ளியது, அவள் தோளைக் கொடுத்து நின்றாள். பழம் நீட்டிய கைகளைத் தட்டிவிட்டாள். பிறகு கயிற்றை அன்பரசன் கையில் திணித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"பிடிங்க. இத வுட்டீங்கன்னா என்னையும் வுட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

அன்பரசன் பெரியப்பாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிடித்தான். குதிகாலை மண்ணில் ஊன்றி, சினைமாட்டின் முழு பலத்துக்கும் எதிராகப் பின்னால் சாய்ந்து பிடித்தான்.

"ஊரு முன்னாடி மானத்த வாங்காத," என்றார் சக்கரவர்த்தி பல்லிடுக்கில். "கயித்த வுடச் சொல்லு."

"மாட்டேன்."

"ஊருல வேற மாடே இல்லியா? தனம், உன் மாட்ட ஓட்டியாம்மா."

பந்தல் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த தனம் எழுந்து நின்றாள். பெரியவர் பந்தல் வாசலில்தான் அவள் பிழைப்பு. அவர் நாளைக்கே எழுந்து போ என்றால் போக வேண்டியதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எம் மாடும் வராதுங்க ஐயா. சோத்துக்கு பூவெல்லாம் ஒரே பக்கம், வைக்கோலுக்கு மாத்தி மாத்திங்க. எனக்கு முழுசா சொல்ல வரல. ஆனா வராதுங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, வராது என்பது மட்டும் புரிந்தது. சக்கரவர்த்தி கரண்டியை வாளிக்குள் எறிந்தார். "மாடு வாய் வெக்காம இந்தப் பந்தல்ல பந்தி கிடையாது. எங்கப்பன் காலத்துலருந்து கிடையாது. எல்லாரும் போங்க. இவளாலதான் சோறு இல்லன்னு சொல்லிக்கினே போங்க."

கூட்டம் போகவில்லை, வேதாவைத்தான் திரும்பிப் பார்த்தது. மலையைப் பாதிக்கு மேல் சுற்றி வந்தவர்கள். விரதமிருந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், கொப்புளம் வெடித்த காலோடு உட்கார்ந்துவிட்டவர்கள். அண்டாக்களில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. "ஒத்த மாட்டுக்காக இத்தனி ஜனத்தப் பட்டினி போடறியேம்மா, நல்லாருப்பியா?" என்றார் ஒருவர். ஒரு பெண் வாயில் சேலையை வைத்துக்கொண்டு, "சோத்து முன்னாடி நின்னு இப்படியா," என்றாள். பெரியவர் திட்டியபோது வேதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது வலித்தது. பசித்தவர்கள் சொல்கிறார்கள், பசித்தவர்களிடம் பாடம் நடத்த முடியுமா?

அவளுக்கும் பசித்தது. காலையிலிருந்து கோபத்தையே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, ரோசாவுக்குப் போட்ட இலையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொங்கலில் கையை வைத்தாள்.

"ஏய்!" என்றார் சக்கரவர்த்தி.

வேதா ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டாள். அவள் மென்றாள், விழுங்கினாள், அடுத்த உருண்டையை எடுத்தாள்.

"மொதல் எல! சாமிக்குச் சமானமான எல! நீ இன்னா மாடா?"

"மாடு இல்லீங்க மாமா. அதனாலதான் துன்றேன்." வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்துப் பேசினாள். குரல் பந்தலின் கடைசி வரை கேட்டது. "இந்த நெல்லு ரெண்டு பேருக்கும் சேர்த்து வெளைஞ்சதுங்க. மேல வெளைஞ்சது நமக்கு, கீழ வெளைஞ்சது அதுக்கு. ரெண்டுலயும் ஒரே சர்க்கரைதான். அதோட பங்க நாம துன்னா நமக்கு ஒண்ணும் ஒட்டாது. நம்ம பங்க வயிறு முட்ட அது துன்னா செத்துடும். ஒரு மாட்டக் குடுத்துட்டுத்தான் இத நான் கத்துக்கினேன். இன்னொண்ணு குடுக்க மாட்டேன். நீங்க என்னை வெட்டிப் போட்டாலும் குடுக்க மாட்டேன். ஒரு வாய் விழுந்தாத்தான் பந்தின்னா, இதோ விழுந்திடுச்சி. இதுவும் உசிருள்ள வாய்தான். உக்காருங்க எல்லாரும்."

யாரும் உட்காரவில்லை. அவள் தின்றுகொண்டே இருந்தாள். தனியாக, ஊர் பார்க்க, ஒரு மாட்டுக்கான சோற்றின் முன். வெட்கம் காது வரை சுட்டது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கை மட்டும் இலைக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் தோற்றுவிடுவோம் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

கொப்புளம் வெடித்த காலோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவி தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து வேதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த ஊரோ. யாரையும் பார்க்கவில்லை, எதற்கும் நியாயம் கேட்கவில்லை. எதிரே தரையைத் தட்டி, "எனக்கும் ஒரு எல போடுப்பா," என்றாள். அவளை ஒட்டிக் குழந்தைக்காரி ஒருத்தி உட்கார்ந்தாள். திட்டின ஆளும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யார் யார் என்று பார்க்க முடியவில்லை. வரிசை பந்தலின் அந்தக் கோடி வரை நீண்டது. பரிமாறுகிற பையன்கள் பெரியவரின் கண்ணசைவுக்குக் காத்துப் பார்த்துவிட்டு, அது வராததால் தாங்களே இலைக்கட்டைப் பிரித்தார்கள்.

சக்கரவர்த்தி வேதாவின் எதிரில் வந்து நின்றார். கையில் பொங்கல் வாளி. வாளிக்குள் அவர் எறிந்த கரண்டி. அவர் முகத்தில் இருந்தது கோபமா, அவமானமா, அவருக்கே தெரிந்திருக்காது.

"இனிமே இந்தப் பந்தலுக்குள்ள உங்க வூட்டு மாடு கால் வெக்கக் கூடாது. கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சிங்க மாமா," என்றாள் வேதா. காலியாகிக்கொண்டிருந்த இலையை அவர் பக்கமாக நகர்த்தினாள். "இன்னொரு கரண்டி போடுங்க."

இலை முன் உட்கார்ந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அந்த மனிதருக்குப் பழக்கமே இல்லை. அவர் குனிந்து போட்டார்.